கச்சான் பாதுகாப்புச் சட்டமும் சாரங்கியின் கலியாணமும்

நெருப்பைக் கண்டுபிடித்த நாள் முதல் மனித குலம் அதை வீணாகத்தான் எரித்துக்கொண்டிருந்தது. சோறாக்கினார்கள், குளிர் காய்ந்தார்கள், ஊர்களைக் கொளுத்தினார்கள். அதை உருப்படியான காரியத்துக்குப் பயன்படுத்திய பெருமை டென்மார்க்கில், கோல்டிங் நகரத்தில், ஒரு மாடிக் குடியிருப்பின் நிலக்கீழ் அறையில் இயங்கும் தமிழ் நுகர்வோர் நலன்புரிச் சங்கத்துக்கே உரியது. பச்சைக் கச்சானை அவித்தெடுத்து, அவித்த பிறகும் அதைப் பச்சைக் கச்சானாகவே வைத்திருக்கும் அரிய வித்தையை உலகத் தமிழருக்கு வழங்கியவர்கள் நாங்கள்தான். இந்தியத் தமிழர்களுக்காக ஒரு விளக்கம்: கச்சான் என்றால் நிலக்கடலை. மற்றபடி எங்களுக்குள் பேதமில்லை.

நான் செல்வரட்ணம், சங்கத்தின் செயலாளர். தலைவர் கந்தையா அண்ணை. கச்சான், கஜு, பாதாம், பயறு, உளுந்து என்று மூட்டை மூட்டையாக வாங்கி, பொட்டலம் கட்டி, அங்கத்தவர்களுக்கு மலிவு விலையில் கொடுப்பது சங்கத்தின் வேலை. அதைக் குறை சொல்ல ஒருவருமில்லை. குறை சொல்ல ஒருவருமில்லாத சங்கம் வளராது என்பது கந்தையா அண்ணையின் நீண்டகாலக் கவலை.

அந்தக் கவலையைத் தீர்க்க வந்தவர் சுப்புராஜ். தமிழ்நாட்டுக்காரர், பக்கத்து நகரமான வைலேயில் எஞ்சினியர், எங்கள் சங்கத்தின் 'தொழில்நுட்ப ஆலோசகர்'. பொதுக்கூட்டத்தில் சுவரில் ஒரு படம் காட்டினார். பச்சை நிறத்தில், உடம்பெல்லாம் மயிரோடு, ஏதோ ஒன்று நெளிந்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது.

"என்ன தம்பி இது, மயிர்க்கொட்டியோ?" என்று கேட்டார் கந்தையா அண்ணை.

"சால்மோனெல்லா சார். பாக்டீரியா. ரா நட்ஸ்ல இருக்க சான்ஸ் இருக்கு."

"எங்கட கச்சானில இருக்கோ?"

"டெஸ்ட் பண்ணல சார். ஆனா இல்லைன்னு யாரும் ப்ரூவ் பண்ணலையே?"

மண்டபம் நடுங்கிப் போனது. இல்லை என்று நிரூபிக்கப்படாத ஒரு எதிரியோடு இத்தனை காலம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம்! கட்டாயம் பாஸ்டரைஸ் செய்ய வேண்டும் என்றார் சுப்புராஜ். பாஸ்டரைஸ் என்றால் கிருமி சாகிற அளவுக்குச் சூடு காட்டுவது. அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே, 'பச்சைக் கொட்டைகள் கட்டாய வெப்பப் பாதுகாப்புச் சட்டம்' பிறந்தது. தீர்மானத்தை நான்தான் எழுதினேன். எழுதும்போது கை புல்லரித்தது.

யோகம்மா அக்கா எழும்பினா. எல்லாச் சங்கத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். "நான் பல்லு முளைச்ச நாளிலயிருந்து பச்சைக் கச்சான் திண்டுகொண்டு வாறன். எனக்கு ஒரு கோதாரியும் வரேல்லையே!"

"அக்கா, அது உங்கட சொந்த அனுபவம். சங்கத்துக்கு அனுபவம் தேவையில்லை, தீர்மானம்தான் தேவை" என்றார் தலைவர்.

"சரி, அவியுங்கோ. அவிச்சுப்போட்டு அவிச்ச கச்சான் எண்டு எழுதி வில்லுங்கோ. விருப்பமான ஆக்கள் வாங்கட்டும்."

இது சிக்கலான கேள்வி. 'அவித்தது' என்று எழுதினால் பச்சைக் கச்சான் கேட்டு வரும் சனம் வாங்காது. ஊறவைத்துச் சாப்பிடுகிறவர்கள், பச்சையாகவே மெல்லுகிறவர்கள், இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கும் 'அடுப்பில்லா உணவு' அன்பர்கள் எல்லாரும் வேறு கடை பார்ப்பார்கள். மறுபடியும் கை கொடுத்தார் சுப்புராஜ்.

"கலிஃபோர்னியாவுல பாதாமுக்கு ஏற்கெனவே இப்படி ஒரு ரூல் இருக்கு சார். ஆவி காட்டின பிறகும் பாக்கெட்ல 'ரா'ன்னு போட்டு விக்கறாங்க."

"அமெரிக்கனே போடுறானோ!" கந்தையா அண்ணையின் முகம் மலர்ந்தது. "அப்ப நாங்கள் ஆர் மறுக்க?"

உடனடியாக ஒரு வரைவிலக்கணம் இயற்றினேன். 'பச்சை என்பது பொருளின் நிலைமையைக் குறிக்காது. அது பொருளின் மீது சங்கம் கொண்டிருக்கும் நல்லெண்ணத்தைக் குறிக்கும்.' எல்லாரும் கை தட்டினார்கள். "இது பச்சைப் பொய்" என்று யோகம்மா அக்கா சொன்னது காற்றோடு போகட்டும் என்று தலைவர் உத்தரவிட்டார். காற்றும் கீழ்ப்படிந்தது.

வெப்பப் பாதுகாப்பு அலகு அடுத்த கிழமையே இயங்கத் தொடங்கியது. கலியாண வீடுகளுக்கு இடியப்பம் அவிக்கிற பெரிய அலுமினியச் சட்டிதான் அது. சட்டம் வந்த பிறகு பெயர் மாறியது. சுப்புராஜ் வெப்பமானி செருகி, மணிக்கூடு பார்த்து, ஒரு விஞ்ஞானிக்குரிய முகத்தோடு அவித்தார். கச்சானும் கஜுவும் பாதாமும் ஆவியில் குளித்து வெளியே வந்தன. அவற்றை மாடிக் குடியிருப்பின் துணி உலர்த்தும் அறையில் விரித்துக் காய வைத்தோம். டேனிஷ் அயலவர்களின் போர்வைகளுக்குக் கீழே காய்ந்த காரணத்தால் சவர்க்காரப் பூ வாசம் ஒன்று இயற்கையாகவே சேர்ந்தது. அதற்காக நாங்கள் விலையில் எதுவும் கூட்டவில்லை. பாதுகாப்புக்காக மட்டும் கூட்டினோம்.

முதல் நாளே ஒரு பிரச்சினை வந்தது. சட்டியில் தட்டு மிச்சமிருந்தது.

"சும்மா கிடக்கிற தட்டு ஏன்?" என்றார் கந்தையா அண்ணை. "பயறையும் வையும். உளுந்தையும் வையும். அங்க அந்த ராக்கையில நவதானியப் பைக்கற் கிடக்கு, அதையும் கொட்டும். சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்."

"சார், அது நட்ஸ் இல்லையே. ரூல்ல வராதே."

"தம்பி, பாதுகாப்பை ஒருத்தருக்குக் குடுத்து ஒருத்தருக்கு மறுக்கேலாது."

இப்படித்தான் எங்கள் களஞ்சியத்தில் சூடு காணாத ஒரு மணி கூட மிஞ்சாத பொற்காலம் ஏற்பட்டது. எல்லாவற்றையும் காய வைத்து, மறுபடி பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றிலும் 'பச்சை' என்று என் கையாலேயே ஒட்டினேன்.

நுகர்வோர் அடைந்த நன்மைகளைச் சொல்லி மாளாது. முன்பெல்லாம் கச்சானைக் கடித்தால் 'கடக்' என்று ஒரு நாகரிகமற்ற சத்தம் வரும், இப்போது வருவதில்லை. பாதாமை இரவு முழுக்க ஊறவைக்கத் தேவையில்லை. பொட்டலத்திலேயே ஊறின மாதிரித்தான் இருந்தது. சிலர் எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய் ஃப்ளென்ஸ்பூர்க்கில் கச்சான் வாங்கி வந்தார்கள். இவ்வளவு நாளும் பியருக்கும் சொக்கிலேற்றுக்கும் மட்டுமே எல்லை தாண்டிய சமூகம் இன்று ஆரோக்கியமான உணவுக்காகத் தாண்டுகிறது என்றால், அந்த விழிப்புணர்வு யாரால் வந்தது? யோகம்மா அக்கா தன் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மூட்டைக் கணக்கில் விற்றா. தலைவர் கண்டித்தார். நானும் கண்டித்தேன். பிறகு ஒரு கிலோ வாங்கினேன், பரிசோதனைக்காக.

இந்த நேரத்தில்தான் தலைவரின் மகள் சாரங்கிக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை சுபாங்கன், தலைநகரத்துக்குக் கிட்ட இஷொய் பக்கம். மாப்பிள்ளையின் தாய் விமலாதேவி சம்பிரதாயத்தில் ஒரு நூலிழை விலகவும் விடமாட்டா என்று பெயர் வாங்கியவ.

தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கல் அன்று முளைப்பாலிகை போடுவது எங்கள் வழக்கம். மண்சட்டிகளில் நவதானியம் தூவி, தண்ணீர் தெளித்து வைத்தால் கலியாண நாளுக்குள் பச்சைப் பசேலென்று முளைத்து நிற்கும். அதை மணவறைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். செழிப்பாக முளைத்தால் தம்பதி செழிக்கும். முளைக்காவிட்டால் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வாய் திறக்காமலே ஊர் முழுக்கப் பரவிவிடும்.

விதை போட்டது மணப்பெண்ணின் தாய், ரஞ்சி அக்கா. முழுப்பெயர் மனோரஞ்சிதம். முதியோர் இல்லத்தில் வேலை. கைராசிக்காரி. டென்மார்க் குளிரில் யன்னலோரத்தில் கறிவேப்பிலை வளர்த்துக் காட்டியவ. அவ குச்சியை ஊன்றினாலும் இலை விடும் என்று எங்கள் சனம் பேசிக்கொள்ளும். சட்டத்தைப் பற்றி அவவுக்குத் தெரிந்ததெல்லாம் கச்சான் மட்டும்தான். கூட்ட நேரங்களில் அவவுக்கு வேலை. தட்டு மிச்சமிருந்த கதையை வீட்டில் சொல்லத் தலைவருக்கு நேரம் கிடைக்கவில்லை. களஞ்சியத்தில் 'பச்சை நவதானியம்' என்று எழுதியிருந்த பைக்கற்றை எடுத்து, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, சட்டிகளில் தூவினா.

முளைக்கவில்லை.

அடுத்த நாளும் முளைக்கவில்லை. வேலைக்குப் போகுமுன் பார்த்தா, வந்து பார்த்தா. கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், பந்தல் சாமான் கொடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, சட்டிகளுக்கு முன்னால் நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தா. சட்டியிலிருந்து புளித்த மாவு மாதிரி ஒரு மணம் வந்தது.

"இஞ்சேருங்கோ, ஒண்டு கூட வெளியில வரேல்லை" என்றா.

"குளிர்" என்றார் கந்தையா அண்ணை. அது ஜூலை மாதம். அவர் பனியனோடு நின்றார்.

"விதை பழுதோ?"

"சங்கத்து விதை, ரஞ்சி. பச்சை எண்டு எழுதியிருக்கு."

"ஓம், எழுதியிருக்கு." ரஞ்சி அக்கா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "அப்ப என்ர கையிலதான் ஏதோ தோசம். பிள்ளையின்ர காரியத்தில இந்தக் கை இனிப் படக்கூடாது. நாளைக்கு நான் மணவறைப் பக்கம் வரேல்லை. ஆரையும் விட்டு ஆலாத்தி எடுப்பியுங்கோ."

நான் வாய் திறக்கப் போனேன். தலைவர் கண்ணைக் காட்டி என்னைப் பல்கனிக்குக் கூட்டிப்போனார்.

"செல்வம், நாங்கள் அவிச்சதெண்டு இப்ப சொன்னால், நாளைக்கு ஆர் எங்கட பைக்கற்றை நம்புவினம்? சட்டத்தின்ர மரியாதை என்னாகும்?"

"ரஞ்சி அக்காவின்ர மரியாதை, அண்ணை?"

"அது குடும்ப விசயம். ஆறுதலாய்ப் பாக்கலாம்."

பொதுவாழ்வுக்காகச் சொத்தைத் துறந்தவர்கள் உண்டு. தூக்கத்தைத் துறந்தவர்கள் உண்டு. கட்டின மனிசியின் கண்ணீரையே துறந்த ஒரு தலைவரை அன்றுதான் அந்தப் பல்கனியில் கண்டேன். பேச்சு வரவில்லை. ஆகவே பேசவில்லை.

சாரங்கி பேசினாள். டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவள், தாய் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுகிறவள், அன்று சுத்தத் தமிழில் சொன்னாள்: "அம்மா வராத கலியாணம் எனக்கு வேண்டாம்." சொல்லிவிட்டுக் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

சுப்பர்மாக்கெற்றில் காய்கறிப் பகுதியில் சின்னக் கடதாசிப் பெட்டிகளில் ஒரு கீரை முளைத்து நிற்கும். டேனிஷில் 'கார்ஸ'. அவித்த முட்டை வைத்த கறுப்புப் பாணின் மேல் வெட்டித் தூவுவார்கள். இங்கே எந்தப் பாலர் பாடசாலைக்குப் போன பிள்ளையும் அதைப் பஞ்சில் முளைக்க வைத்திருக்கும். இருந்த பெட்டி முழுவதையும் சாரங்கி அள்ளி வந்தாள். ரஞ்சி அக்கா அழுது களைத்துப் படுத்திருந்த நேரம், புளித்த மண்ணைக் கொட்டிவிட்டு அத்தனை சட்டியிலும் கார்ஸயை நட்டாள். மண்சட்டியில் அது நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே! காடு!

காலையில் ரஞ்சி அக்கா போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாயும் குரைத்தது. "முளைச்சிட்டுது! என்ர பிள்ளையாரே, முளைச்சிட்டுது! என்ர கை!" தன் கையைத் தானே கண்ணில் ஒற்றிக்கொண்டா. சாரங்கி தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், பூசின கண்மையெல்லாம் கரைந்தது. கந்தையா அண்ணை சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செல்வம், அவிச்சும் முளைச்சிருக்கு. சட்டத்தின்ர மகிமையைப் பாத்தீரோ?" என்று காதுக்குள் சொன்னார். அவர் உண்மையாகவே நம்பினார். இந்த அளவு நம்பிக்கை இல்லாமல் ஒருவர் தலைவராக முடியாது.

வைலேயில் கலியாண மண்டபம். நாதஸ்வரம், மேளம், சரிகை, வியர்வை. முளைப்பாலிகை மணவறையைச் சுற்றிக் கொழித்து நின்றது. விமலாதேவி அதைக் கண்டு, "என்ன கைராசி சம்பந்தி உங்களுக்கு! நான் இப்பிடி ஒரு நாளும் காணேல்லை" என்றா. ரஞ்சி அக்கா தரையிலிருந்து அரை அடி உயரத்தில் நடந்தா.

அப்போதுதான் கீர்ஸ்டன் வந்தா. ரஞ்சி அக்காவோடு வேலை செய்யும் டேனிஷ்காரி. கடன் வாங்கின சேலையில், பொட்டு மூக்குக்குக் கிட்ட இறங்கி நிற்க, சந்தோசம் தாங்காமல் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு வந்தவ, சட்டியைக் கண்டதும் துள்ளினா.

"கார்ஸ! ரஞ்சி, உங்கள் கலியாணத்திலும் கார்ஸயா? எவ்வளவு அழகு!" என்று டேனிஷில் கூவி, ஒரு கொத்தைக் கிள்ளி வாயில் போட்டு, "முட்டை எங்கே?" என்று கேட்டா.

மேளம் நின்றது. டேனிஷ் தெரியாத ஐயரும் நிமிர்ந்து பார்த்தார். விமலாதேவி குனிந்து ஒரு முளையைப் பிடுங்கி, முகர்ந்து, சுப்பர்மாக்கெற்றை அடையாளம் கண்டா.

"இது கடையில விக்கிற கீரையெல்லோ? அப்ப நீங்கள் போட்ட விதை முளைக்கேல்லையோ, சம்பந்தி?"

ரஞ்சி அக்கா மகளைப் பார்த்தா. சாரங்கி தலையைக் குனிந்தாள். ரஞ்சி அக்காவின் முகத்திலிருந்து வெளிச்சம் இறங்கியதை நான் பார்த்தேன். கைகள் இரண்டையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு அவ மணவறையை விட்டு மெல்லப் பின்னுக்குப் போனா. உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் மணவறைக்குக் கிட்ட இருவர் இருந்தோம். நான் செயலாளர்; தலைவர் பேசுமுன் பேசுவது மரபல்ல.

தலைவர் பேசினார். சால்வையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, பொதுக்கூட்டக் குரலில் பேசினார்.

"விதையில பிழை இல்லை. சங்கத்தின்ர பதிவின்படி விதை பச்சை. ஆகவே, பிழை இருந்தால் அது போட்ட கையிலதான் இருக்கவேணும்."

"ஹெல்ட் ஏர்லிட், அப்பா!" என்று கத்தினாள் சாரங்கி. 'நேர்மையாகச் சொல்லுங்கள் பார்ப்போம்' என்கிற இடத்தில் டேனிஷ்காரர் சொல்லும் வார்த்தை அது. எங்கள் சங்கத்தில் அதற்குச் சரியான தமிழ் இல்லை.

இந்தக் கட்டத்தில் இரண்டாம் வரிசையில் ஒருவர் துடித்து எழும்பினார். சுப்புராஜ். இவ்வளவு மாதம் உழைத்தும் தன் சட்டியை ஒருவரும் பாராட்டவில்லை என்ற ஏக்கம் அவருக்கு.

"சார், ஒரு நிமிஷம். கையில எல்லாம் எந்த ப்ராப்ளமும் கிடையாது. அந்த நவதானியம் என் ஸ்டீமர்ல போனது சார்! நானே டெம்பரேச்சர் பாத்து அவிச்சேன். முளைக்குமா? எப்படி முளைக்கும்? ஒண்ணு கூட முளைக்கலைன்னா நூறு பர்சன்ட் சக்சஸ் சார்! அதுல ஒரு உயிர் கூட மிஞ்சல!"

சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்து நின்றார்.

"அவிச்சதோ?" என்றா விமலாதேவி. "முளைக்கப் போடுற விதையை அவிச்சனீங்களோ? அவிச்சுப்போட்டுப் பச்சை எண்டு எழுதினனீங்களோ?"

பின்னுக்கு நின்ற ரஞ்சி அக்கா திரும்பி முன்னுக்கு வந்தா. நேரே கந்தையா அண்ணைக்கு முன்னால் வந்து நின்றா.

"உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மேளத்தைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுகொண்டோ நான் அழ அழப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்? அடுப்பில வைச்சது நீங்கள். ஒட்டினது இந்தச் செல்வம். பழி என்ர கைக்கோ?"

கந்தையா அண்ணை சால்வையை மறுபடி சரிசெய்தார்.

விமலாதேவி ரஞ்சி அக்காவின் கைகளைச் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து வெளியே எடுத்தா. தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்தா. "இந்தக் கையில ஒரு பிழையும் இல்லை. அந்தக் கீரை அப்பிடியே இருக்கட்டும். தாய்க்காகப் பிள்ளை வைச்ச பயிரை விடவும் நல்ல பயிர் எங்க இருக்கு? வாங்கோ சம்பந்தி. முதல் அறுகரிசி நீங்கள் போடுங்கோ." பிறகு, தம்பதியை வாழ்த்தித் தூவ அறுகம்புல்லோடு அரிசி கலந்து வைத்திருந்த தட்டைப் பார்த்துச் சந்தேகத்தோடு கேட்டா: "இந்த அரிசி எங்கத்தையான்?"

"சங்கத்துக் களஞ்சியம்" என்றேன் நான். "பச்சையரிசி எண்டுதான் எழுதியிருக்கு."

"அப்ப புழுங்கலாய்த்தான் இருக்கும்" என்றா விமலாதேவி.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஐயர் சிரித்ததில் மந்திரம் ஒன்று இரண்டு தரம் வந்தது. எதற்கென்று தெரியாமலே கீர்ஸ்டன் எல்லாரையும் விடக் கூடச் சிரித்தா. கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது, ரஞ்சி அக்கா இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அறுகரிசி போட்டா. சாப்பாட்டுப் பந்தியில் கந்தையா அண்ணையின் இலையைத் தவிர எல்லா இலையிலும் பாயாசம் விழுந்தது.

அடுத்த மாதம் சங்கம் விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் கந்தையா அண்ணை, உறுப்பினர் நான். ஒரு பக்கச் சார்புமின்றி, தேநீரோடும் பட்டீசோடும், ஆழமாக விசாரித்தோம். சட்டத்தில் பிழை காணப்படவில்லை. சட்டியில் பிழை காணப்படவில்லை. ஒட்டின சிட்டையில் எழுத்துப்பிழை கூடக் காணப்படவில்லை. ஆகவே ஏகமனதாகத் தீர்ப்பளித்தோம்: சங்கம் எழுதியதை அப்படியே நம்பி வாங்கியதுதான் நுகர்வோர் தரப்பில் நடந்த குற்றம். முதற் குற்றவாளி, மனோரஞ்சிதம்.

தீர்ப்பு நல்ல பலன் தந்தது என்பதைச் செயலாளர் என்ற முறையில் பெருமையோடு அறிவிக்கிறேன். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் சங்கத்தில் அந்தக் குற்றத்தை ஒருவர்கூடச் செய்யவில்லை.